எழுந்து வர முடியாதவரின் அறை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் முதியோர் நலம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று இதை நடத்துவோர் எனக்கு உரிமை கொடுத்தார்கள். நான் குறுகலான ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்குள் நுழைகிறோம். அது நல்ல இல்லமா, நம் வீட்டுப் பெரியவரை நம்பி அங்கே விட்டுவரலாமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? செவிலியராகவும், பிறகு செவிலியர்களுக்குக் கற்பிப்பவளாகவும் இருந்த காலமெல்லாம் என்னிடம் வந்த கேள்வி இது. "மேடம், அம்மாவை எங்கே சேர்க்கலாம், ஒரு நல்ல இடமாச் சொல்லுங்க" என்பார்கள். நான் இடம் சொல்வதில்லை. பொறுப்பான மேற்பார்வைச் செவிலியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் போதும், சில மாதங்களில் அந்த இல்லம் வேறு இல்லம் ஆகிவிடும். பார்க்கும் முறையைத்தான் சொல்லித் தருவேன். அதைத்தான் இன்று உங்கள் முன் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தை விலக்கிவிடுகிறேன். பெற்றவர்களை இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கைவிடும் எண்ணத்தோடு முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போவது குற்றம்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் பக்கவாதத்தில் படுத்த தகப்பனாரை, தானே அறுபதைத் தாண்டிய ஒற்றை மகள் எத்தனை நாள் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியும்? அவள் இல்லத்தைத் தேடிப் போவது கைவிடுவது ஆகாது. குற்ற உணர்ச்சியோடு போகிறவர்கள் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள் என்பதுதான் என் கவலை. "நானே பார்த்துக்க முடியாம விட்டுட்டுப் போறேன், இதுல அவங்களை எப்படிக் குறை சொல்றது" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். மோசமான இல்லத்துக்கு இதைவிட வசதி வேறு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். பெரிய மாநிலங்களில் கேரளம் ஒன்றில்தான் முதியவர்களின் பங்கு நம்மைவிட அதிகம். முதியோர் மருத்துவத்தில் நமக்கு நல்ல மரபு உண்டு. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் மருத்துவமனை வாசம் சில நாட்கள். அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளை ஒருவர் எங்கே கழிக்கிறாரோ அங்கே நம் கண் போகவில்லை.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் அதன் மேல்தான் நிற்கிறோம். என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், செய்ததால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்ற மூன்றையும் பார்க்கச் சொன்னார் அவர். நம் ஊரில் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதல் கேள்வியோடு திரும்பிவிடுகிறார்கள். லிஃப்ட் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பூஜை அறை இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பில் இவற்றைத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு முதியவரின் உடம்புக்கும் மனசுக்கும் அங்கே என்ன நடக்கிறது என்பது அந்த அழைப்பில் வராது.

ஆகவே நான் சொல்லும் முதல் வழி இது. எந்த இல்லத்திலும் நடமாடக்கூடியவர்கள் வரவேற்பறைக்கு வந்து பேசுவார்கள். குறை இருந்தால் போனில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்கள். அவர்களை நிர்வாகம் ஓரளவு நன்றாகத்தான் வைத்திருக்கும். எழுந்து வர முடியாதவர், பேச்சு போனவர், மறதி நோய் முற்றிப் போனவர் ஆகியோரின் அறைகள் தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும். அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். போர்வையை விலக்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது, அவர்களுடைய மானம் உங்கள் ஆர்வத்தைவிடப் பெரியது. அனுமதி வாங்கி வாசலில் நின்றாலே போதும். நாளைக்கு உங்கள் அப்பாவும் அந்த அறைக்குத்தான் வருவார். இன்று நடந்து போய்ச் சேர்கிறவரும் ஒரு நாள் அந்த அறைக்கு மாற்றப்படுவார் என்பதை மறந்துவிடக் கூடாது.

வாசலில் நின்று என்ன பார்ப்பது? தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேசையில் மூடி போட்டு வைத்திருப்பார்கள். கட்டிலிலிருந்து கைக்கு எட்டாது. அழைப்பு மணியின் கயிறு கையருகே தொங்குகிறதா, மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? கட்டிய பல் வாயில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா? உதடும் நாக்கும் காய்ந்திருக்கின்றனவா? வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், தானாகக் கேட்க மாட்டார்கள். இரவில் சிறுநீர் போக நேருமே என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. டயப்பர் மாற்றும் வேலை மிச்சம் என்று அந்தப் பயத்தை வளர்த்துவிடும் இல்லங்களும் உண்டு. நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், குழப்பம் வரும், மலச்சிக்கல் வரும். பிறகு "பாட்டி திடீர்னு ஒரு மாதிரி பேசறாங்க" என்று வீட்டுக்குப் போன் வரும்.

ஃபினாயில் வாசனை அடிக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த நேரமும் ஃபினாயில் நெடி தூக்கலாக அடிக்கிற இடம் எனக்குச் சந்தேகத்தையே தரும். ஒரு கட்டிலருகே சற்று முன் நேர்ந்த சிறுநீர் வாடை ஒன்றும் பெரிய குற்றமில்லை. தாழ்வாரம் முழுக்கச் சுவரிலும் மெத்தையிலும் ஊறிப்போன வாடைதான் பல மாதத்துக் கதை சொல்லும்.

இனி, தோல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஓர் இல்லத்தின் உண்மையான ஆவணம் அங்கே படுத்திருப்பவரின் தோல்தான் என்று நான் நம்புகிறேன். பெட்சோர் என்று நாம் சொல்லும் படுக்கைப் புண், உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுந்தி இரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருகிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் அதிகம். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1962இல் வெளியிட்ட ஆய்வு, பூசுகிற தைலங்களும் களிம்புகளும் இதைத் தடுப்பதில்லை, புரட்டிப் படுக்க வைப்பதே தடுக்கிறது என்று காட்டியது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போடும் முறையும் அவர் பெயரால் வழங்குகிறது. அதே நோக்கத்தோடு 1987இல் வந்த பிரேடன் அளவுகோலை, செவிலியர் வகுப்பில் இருக்கும் நீங்கள் பாடத்திலேயே படிக்கிறீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு செவிலியர் நிறுவிய உண்மை இருக்க, முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் நம்மிடையே உயிரோடு இருப்பது எனக்கு வருத்தம்.

செவிலியர் மாணவ மாணவியர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் முதல் நிலைப் புண்ணுக்கு அடையாளமாக, தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா? கெட்டித்துப் போயிருக்கிறதா, அல்லது சொதசொதவென்று அமுங்குகிறதா? நிறம் ஊதா கலந்து கருத்திருக்கிறதா? அந்த இடத்தில் வலி என்கிறாரா? இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு ஆயாம்மா, தெரியாத இரண்டு பட்டதாரிகளைவிட மேலானவர்.

ஓர் இல்லத்துக்கு நான் பிற்பகல் மூன்றரை மணிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கட்டிலின் கால்மாட்டில் புரட்டல் அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது, மல்லாக்க என்று குறிக்கும் அட்டை. அதில் நான்கு மணி, ஆறு மணி, எட்டு மணிக் கட்டங்கள் எல்லாமே நிரம்பியிருந்தன. ஒரே பேனா, ஒரே சாய்வான எழுத்து. அந்த அம்மா மல்லாந்து கிடந்தார். குதிகால் இரண்டும் மெத்தையில் பதிந்திருந்தன. ஆயாம்மாவைக் கேட்டேன். "சாயங்காலம் ஆள் கம்மி மேடம், அதான் முன்கூட்டியே எழுதிடச் சொன்னாங்க" என்றார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகும் அதிகாரிகளுக்காகத்தான் அந்த ஏடு எழுதப்படுகிறது. அதனால் அட்டையைக் காட்டச் சொன்னால், அட்டையில் என்ன மணி ஓடுகிறது, கடிகாரத்தில் என்ன மணி ஓடுகிறது என்று இரண்டையும் பாருங்கள்.

இதே நோய் ஒரு நாட்டையே பிடித்த கதையும் உண்டு. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. ஆய்வாளர்களின் அறிக்கை, பணியாளர் எண்ணிக்கை, நோயாளிகளின் நிலை என்று மூன்று அடிப்படை. முதலாவதைத் தவிர மற்ற இரண்டும் இல்லங்கள் தாமே எழுதிக் கொடுத்த விவரங்கள். விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை, ஏட்டில் எல்லோரும் நன்றாகிக்கொண்டே போனார்கள். 2018இலிருந்துதான் பணியாளர் எண்ணிக்கையைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் முறை நட்சத்திரக் கணக்கில் புகுந்தது. சம்பளம் வாங்கியவர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பொய் சொல்வது கடினம். நம் ஊர் இல்லங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். "ஸ்டாஃப் எத்தனை பேர்" என்று கேட்காதீர்கள். "நேற்று ராத்திரி டியூட்டியில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள்.

ராத்திரிக் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். முப்பது பேர் தங்கும் இல்லம், பத்துப் பேர் படுத்த படுக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் ஆகும். பத்துப் பேருக்கு நூறு நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒரு சுற்று முடிந்து இருபது நிமிடம் மூச்சு விட்டதும் அடுத்த சுற்று. ஆகவே இந்த வேலைக்கு மட்டுமே இரவு முழுக்க இரண்டு பேர் வேண்டும். பாத்ரூம் போக எழுகிறவர், பயந்து கூப்பிடுகிறவர், மூச்சு வாங்குகிறவர் ஆகியோருக்கு மூன்றாவது ஆள் வேண்டும். அந்த இல்லத்தில் இரவில் ஒரே ஒரு ஆயாம்மாவும் வாசலில் ஒரு வாட்ச்மேனும் மட்டும் என்றால், அந்த அட்டை உண்மையாக இருக்க வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

எடை இன்னொரு நல்ல சாட்சி. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். படுத்திருப்பவருக்கும் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம், ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவான அளவு. ஐம்பது கிலோ எடையுள்ள அம்மா ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்தால் யாராவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பது மிக நல்லது. மெனுவில் பாயசம் இருப்பது முக்கியமில்லை. ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி ஊட்டுகிறாரா? பெரியவரை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாரா? ஒரு கவளம் விழுங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி போகிறதா? படுத்த வாக்கில் கஞ்சியை அவசர அவசரமாக ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். "நிமோனியா வந்து போயிட்டார்" என்று பிறகு சொல்லும் மரணங்களில் சிலவற்றின் தொடக்கம் இந்தக் கரண்டிதான்.

அமைதியான இல்லம் என்று பாராட்டுகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: காலை பதினொரு மணிக்கு எத்தனை பேர் விழித்திருந்தார்கள்? மறதி நோயாளிகள் நடப்பார்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், இல்லாத குழந்தையைத் தேடுவார்கள். அவர்களைச் சமாளிக்க ஆள் வைப்பதைவிட மாத்திரை மலிவு. முதியவர்களுக்கு எந்த மருந்துகள் ஆகாது என்ற பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பீர்ஸ் குழுவினர் 1991இல் முதலில் தயாரித்தபோது, பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களை மனதில் வைத்தே தயாரித்தார்கள். அளவு மீறிய தூக்க மருந்து விழ வைக்கும், விழுங்கும் திறனைக் குறைக்கும், குழப்பத்தை அதிகமாக்கும். உங்கள் தாயாரின் மருந்துச் சீட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருந்தால், எந்த மருத்துவர், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

மாத்திரை இல்லாத இடத்தில் துணி இருக்கும். இடுப்பைச் சுற்றிப் புடவைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருப்பார்கள். "விழுந்துடுவாங்க, அதான்" என்பார்கள். கட்டுவது பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு ஏர்வாடியை நினைவுபடுத்துகிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது முதியோர் இல்லம் இல்லை. ஆனால் கட்டிப்போடப்பட்ட மனிதர்கள், கேட்க ஆளில்லாத இடம், ஆய்வுக்கு வராத அதிகாரம் என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது. இன்று பல இல்லங்களில் சங்கிலி இல்லை, மாடிப்படியில் இரவு பூட்டிய கிரில் கேட் இருக்கிறது. சாவி யாரிடம்? அவர் தூங்குகிற இடம் எது? மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவரை லிஃப்ட் ஓடாத நேரத்தில் எப்படிக் கீழே இறக்குவீர்கள், கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்பினால், நான் அங்கே யாரையும் சேர்க்க மாட்டேன். ஜன்னல் கம்பி, தீயணைப்புத் துறையின் சான்று, கட்டட உறுதிச் சான்று எல்லாம் இதற்குள் அடங்கும்.

மின்சாரமும் அப்படித்தான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வீசியபோது ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் என்ற ஊரில் ஓர் இல்லத்தில் குளிர்சாதனத்துக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பணியாளர்கள் இருந்தார்கள், பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருந்தது. நாட்கணக்கில் வெக்கை ஏறி 12 முதியவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் இல்லங்களுக்கு ஜெனரேட்டரும் எரிபொருள் இருப்பும் கட்டாயமாக்கியது. சென்னையில் மே மாதம் எப்படியிருக்கும், டிசம்பர் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், 2015 வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, ஜெனரேட்டர் அதற்கு மேலே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணியாளர்களைப் பற்றிப் பேசாமல் தரத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, குறைந்த சம்பளம், தங்குமிடம் மாடியில் ஒரு கூடம். இப்போது சென்னை, கோவை இல்லங்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இளம்பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். பாசமாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். ஆனால் "நெஞ்சு கரிக்குது", "தலை கிறுகிறுங்குது", "அடிவயிறு முட்டுது" என்று ஒரு பாட்டி சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? இதற்காக அந்தப் பெண்களை வேண்டாம் என்று சொல்வது தவறு. உடம்பு உபாதையைச் சொல்லும் தமிழ்ச் சொற்களை முதல் வாரத்திலேயே அவர்களுக்குக் கற்றுத்தரும் ஓர் இல்லம், தன் வேலையை உணர்ந்த இல்லம். ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே இருக்கும் ஆயாம்மாக்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆள் நிற்காத இடத்தில் பெரியவரின் பழக்கம் யாருக்கும் தெரியாது.

பழக்கம் என்று சொன்னேன். பாதுகாப்பாக இருந்தும் ஓர் இல்லம் மோசமாக இருக்க முடியும். பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களை நேரில் பார்த்து 1962இல் ஒரு நூல் எழுதினார். சோறும் கூரையும் இருந்தும் அங்கிருந்தவர்களுக்குத் தம் நாளின் மேல் எந்த அதிகாரமும் இல்லை என்பதே அவருடைய மனக்குறை. இங்கே அதன் நம்மூர் வடிவம், அதிகாலை நான்கு மணிக் குளியல். காலை ஷிஃப்ட் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக மார்கழியிலும் எழுப்பிக் குளிப்பாட்டுகிறார்கள். வாழ்நாளெல்லாம் காபி குடித்த பிறகே வாய் திறந்தவருக்கு எட்டரை மணிக்குத்தான் காபி. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் ஓர் அமெரிக்க இல்லத்தில், ஒரு பிரிவினருக்குச் சின்னச் சின்ன முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமையும் வளர்க்க ஒரு செடியும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். அலமாரிச் சாவி உங்கள் அம்மாவிடமே இருக்க விடுவார்களா? இதையும் நான் தரத்தின் கேள்வியாகவே கருதுகிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும், மருத்துவமனையில் சேர்த்தால் அந்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா, படுத்த படுக்கையானால் தொகை எவ்வளவு ஏறும், அல்லது வெளியே அனுப்பிவிடுவார்களா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அரசு. 2007 சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற மூத்த குடிமக்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தனியார் இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் வலுவாக்கும் திருத்த மசோதா 2019இல் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. நம் மாநிலத்தில் இல்லங்களை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு திருப்தியடையாதீர்கள். பராமரிப்பு இல்லங்களுக்காக அமெரிக்கா 1987இல் இயற்றிய சட்டம், பதினைந்து மாதத்துக்குள் ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லாத ஆய்வு நடக்க வேண்டும் என்றது. ஆய்வு நாளை இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் எவருக்கும் 2,000 டாலர் வரை அபராதம் என்றும் எழுதியது. இங்கே அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே புது விரிப்பு போடுகிறார்கள்.

கடுமையான விதி வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பு. தெருவில் கிடந்தவர்களை எடுத்து வந்து, நன்கொடை அரிசியில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் சிறிய இல்லங்கள் நம்மிடம் பல உண்டு. கட்டிலுக்குக் கட்டில் இத்தனை அடி, இருபத்து நான்கு மணி நேரமும் பட்டதாரிச் செவிலியர் என்று விதி போட்டால் அவை மூடப்படும், அந்த முதியவர்கள் பஸ் நிலையத்துக்குத் திரும்புவார்கள். நான் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். இட நெருக்கடியிலும் தரையிலும் சுவரிலும் விட்டுக்கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். கட்டிப்போடக் கூடாது, பூட்டக் கூடாது, தண்ணீர் கைக்கு எட்ட வேண்டும், புரட்ட வேண்டும், இறந்தால் முறைப்படி பதிய வேண்டும் என்பவற்றில் ஏழை இல்லம், பணக்கார இல்லம் என்ற வேறுபாடு வரக் கூடாது. இவற்றுக்குப் பளிங்குத் தரை தேவையில்லை. ஆள் தேவை. அந்த ஆளுக்கான சம்பளத்தை நன்கொடை இல்லங்களுக்கு அரசு கொடுக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் ஒரு பலகை. ஒவ்வொரு இல்லத்தின் வாசலிலும் மாதம் ஒருமுறை சில எண்கள் எழுதப்பட வேண்டும். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் படுத்த படுக்கை, இரவுப் பணியில் எத்தனை பேர், இங்கே வந்த பிறகு உண்டான படுக்கைப் புண் எத்தனை, விழுந்தவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. மருத்துவமனையிலிருந்து புண்ணோடு வந்தவரைச் சேர்த்ததற்காக ஓர் இல்லத்தைத் தண்டிக்கக் கூடாது, அதனால்தான் இங்கே உண்டான புண் என்று பிரித்துக் கேட்கிறேன். இல்லாவிட்டால் இருப்பதிலேயே அதிகம் துன்பப்படுகிறவர்களை எவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இறப்பு எண்ணை வைத்து மட்டும் எந்த இல்லத்தையும் குறைகூறவும் கூடாது. நோய் முற்றியவர்களை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அது கூடத்தான் செய்யும்.

எழுதுவது பொய்யானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் வீடு வீடாகப் போகிறார்கள். முதியோர் இல்லமும் சிலருக்கு வீடுதான். அந்த நோய்த்தணிப்புச் செவிலியர் மாதம் ஒருமுறை, நாள் சொல்லாமல், கோடியில் இருக்கும் அந்த அறைக்குப் போய்ப் படுத்திருப்பவர்களின் குதிகாலையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பலகையில் கையெழுத்துப் போடட்டும். புதிய துறையோ புதிய கட்டடமோ வேண்டாம். அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்ட நேரமும், பொய்யைக் கண்டால் எழுதும் அதிகாரமும், எழுதிய பிறகு அவருக்கு இடமாற்றம் வராது என்ற உறுதியும் வேண்டும்.

அதுவரை உறவினர்கள் செய்யக்கூடியது, வேளை மாற்றிப் போவது. ஞாயிறு மதியம் மட்டும் போகாதீர்கள். வாரநாள் இரவு எட்டரைக்கு ஒருமுறை, காலை ஆறரைக்கு ஒருமுறை போங்கள். உள்ளே விடுவதற்குத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரும் வருவதில்லை என்றால் அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள், அவர் கையையும் தொடுங்கள். தவறு கண்டால் முதலில் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள், பிறகு எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலகம் இருக்கிறது, மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது. இந்த எண்ணை இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால் போதாது. படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே, பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள், கூடவே அவருக்காக அந்த எண்ணை அழுத்திக் கொடுப்பவர் யார் என்றும் கேளுங்கள்.